சூட்டுப் பால்

ஜூலை 5, 2010, திங்கள்

இன்றைக்கும் கேட்டில் வாட்ச்மேன் தெலுங்கில் கேட்டுவிட்டான். "பாப்பனு எவரு சூஸ்துன்னாரு மேடம்?" பாப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்களாம். எனக்கு முன்னால்தான் நாலைந்து ஆண்கள் ஷூ மாட்டிக்கொண்டு ஓடப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தை இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் சலாம். எனக்கு மட்டும் விசாரணை.

ஹம்சாவுக்கு ஐந்து மாதம். சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க அவளோடுதான். விடிந்ததும் ஒரு மணி நேரம் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் ஓடிவிட்டு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம்தான் கொண்டாப்பூரில் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

ஜூலை 8

அத்தையோடு மறுபடியும் சண்டை. என் கணவர் இளங்கோவின் அம்மா, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டுப் பக்கம் கோபியிலிருந்து வந்திருக்கிறார். ஓடிவிட்டு வந்து குழந்தைக்குக் கை நீட்டினால் கொடுப்பதில்லை.

"ஒடம்பு அனலாக் கெடக்குது அம்மணி. சூட்டுப் பாலு புள்ளைக்கு ஆவாது. மொதல்ல பீச்சி ஊத்திப்போட்டு, தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு அப்பறமா எடு."

வாஷ்பேசினில் பீச்சி ஊற்ற வேண்டுமாம். ஹம்சா பசியில் கத்துவாள், நான் சாவகாசமாகத் தலைக்குக் குளிக்க வேண்டுமாம். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. ஓடினால் பால் கெடாது, தாராளமாகக் கொடுங்கள் என்றார். அதையும் அத்தையிடம் சொன்னேன். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் பால், என் பிள்ளை. நடுவில் இவர் யார்?

ஜூலை 9

பீச்சிக் கொட்டினேன். அழுகையாக வந்தது. நாளைக்குச் செய்ய மாட்டேன்.

ஜூலை 15

என்ன அதிசயமோ, இந்த வாரம் அத்தை வாயே திறக்கவில்லை. நான் வரும்போது ஹம்சா தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பி எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மார்பு கல்லாகக் கனக்கிறது. பல் முளைக்கிறதோ? என்னைப் பிடிக்கவில்லையோ?

ஜூலை 19

"உனக்குப் பாலு கொறைஞ்சிருச்சோ என்னமோ. ஓடறதுனாலயா இருக்கும்" என்றார் இளங்கோ நேற்று, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ஒருவேளை அதுதானோ? ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்று காலை ஓடும்போது கால் எழவேயில்லை.

ஜூலை 22

எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலையில் நல்ல மழை. பாதி வழியில் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தால் அத்தை மடியில் ஹம்சா. வாயில் பால் புட்டி. பக்கத்தில் இளங்கோ பால் பவுடர் டப்பாவை மூடிக்கொண்டு நிற்கிறார். நான் தெருவில் இறங்கியதும் தினமும் இதுதான் நடந்திருக்கிறது! சூட்டுப் பால் உள்ளே போகக் கூடாது என்று, நான் வருவதற்குள் வயிற்றை நிரப்பித் தூங்க வைத்திருக்கிறார்கள்.

"அம்மா ரொம்பப் பயப்படறாங்க சுபா. நீயும் ஓடறத விடமாட்டேங்கற. ரெண்டு பேரையும் நான் சமாளிக்க வேண்டாமா?"

சமாளிச்சாராம்! பால் கொறைஞ்சிருச்சுன்னு எங்கிட்டயே வந்து சொல்றதுக்கு என்ன நெஞ்சழுத்தம் இருக்கோணும்? டப்பா வாங்கியாந்ததே இவருதான். எம் புள்ள எங்கிட்ட வர மாட்டேங்கறாளேன்னு நான் பைத்தியம் புடிச்சுத் திரியறேன், அம்மாவும் மகனும் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

டப்பாவைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினேன்.

ஜூலை 23

இளங்கோவிடம் சொல்லிவிட்டேன். நான் ஓடும் நேரத்தில் குழந்தை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், புட்டி வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று.

"எனக்கு ராத்திரியெல்லாம் அமெரிக்கா கால் இருக்குது."

"எனக்கு ராத்திரியெல்லாம் குழந்தை இருக்குதுங்க."

போனை எடுத்துக் காலைக்கு அலாரம் வைத்தார்.

ஜூலை 25, ஞாயிறு

ஓடிவிட்டு வந்தேன். வேர்வையைத் துடைக்கவில்லை, வேண்டுமென்றேதான். அத்தை கண்ணெதிரே உட்கார்ந்து இளங்கோவிடமிருந்து ஹம்சாவை வாங்கினேன். திமிறினாள், அழுதாள். விடவில்லை. கடைசியில் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்ட திமிரில் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

அவர் எழுந்து வந்துவிட்டார். "வேண்டாஞ்சாமி, வேண்டாஞ்சாமி" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம்தான் சொன்னார். இளங்கோவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். நாற்று நட்டுவிட்டு வெயிலோடு வந்தவர், அழுகிறதே என்று அப்படியே எடுத்துப் பால் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. சூட்டுப் பாலைக் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று சொன்னது அத்தையின் மாமியார். அந்தக் கிழவி இன்னும் கோபியில் இருக்கிறார். விசேஷ வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்கிறாராம்.

இளங்கோவுக்கே இது தெரியாது.

எனக்குக் கோபம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவர் மேல் அதைக் காட்டவும் முடியவில்லை.

ஜூலை 26

நேற்று பூராவும் அத்தை ஹம்சாவின் வயிற்றில் கையை வைத்தபடியே இருந்தார். துணி மாற்றும்போதெல்லாம் எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஓடிவிட்டு வந்து அப்படியே கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 29

ஹம்சா என்னைப் பார்த்தாலே இப்போது கையை ஆட்டுகிறாள். அத்தைதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாயங்காலம் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அப்ப எம் புள்ள எதுல அம்மணி செத்துச்சு?"

தண்ணீரில் ஏதாவது இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கும். இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "உங்களால இல்லீங்க அத்தை" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கேட்டாரா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

முந்தாநாளே அத்தை ஈரோட்டுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். சுபாவின் ஓட்டம் முடியும்வரையாவது இரும்மா என்று இளங்கோ கெஞ்சினார்.

"உம் புள்ளய நீ பாத்துக்க. எங்க மாமியாளுக்கு இன்னும் காது நல்லாத்தான் கேக்குது. நேர்ல போயி ஒரு வார்த்தை கேக்கோணும்."

இன்று செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். குழந்தையோடு இளங்கோ வீட்டில். பிளாட்பாரத்துக்கு வந்ததும் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார் பாருங்கள், அப்படியொரு வேகம். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது.