டேப் இல்லாத அளவு

என் தையல்காரருக்கு,

நமக்குக் கல்யாணமானதிலிருந்து என் ரவிக்கைக்கு நீங்கள் டேப் எடுத்ததே இல்லை, கையால்தான் அளப்பீர்கள். "கூசுது, சும்மா இருங்க" என்பேன். "அளவு தப்பினா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்பீர்கள்.

இடது மார்பை எடுத்த பிறகு நேற்றுதான் முதல் ரவிக்கைக்கு அளவெடுத்தீர்கள். டேப்போடு வந்து, சுவரைப் பார்த்தபடி, யாரோ ஒருத்திக்கு எடுப்பதுபோல விரல் படாமல் எடுத்தீர்கள். கேட்டதற்கு, "வலிக்குமேன்னுதான்" என்றீர்கள்.

வலிக்காது. அந்த இடம் மரத்துவிட்டது. மற்ற இடமெல்லாம் உயிரோடுதான் இருக்கிறது.

நோய் ஈரலுக்கும் போய்விட்டதென்று டாக்டர் உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இனி எனக்கு நிறையத் தைக்க வேண்டியிருக்காது.

இன்று டேப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம்.

உங்கள் பழைய வாடிக்கைக்காரி