ஒத்துக்கொள்ளாத அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இலவச வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி என்றால் ஃபைல் தூக்குவதுதான். இன்று கோர்ட் வராந்தாவில் ஓர் அக்கா. வேலை பார்த்த வீட்டில் வளையல் திருடியதாக வழக்கு; பல மாதமாக ஜெயிலில் இருக்கிறார்.

"ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சுடுவாங்க, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். இல்லைன்னா கேஸ் முடியறவரைக்கும் உள்ளதான்," என்றார் எங்கள் வக்கீல் மேடம்.

அக்கா என்னைப் பார்த்து, "நான் எடுக்கலையே பாப்பா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுக்காததை ஏன்க்கா ஒத்துக்கணும்?" என்று கத்திவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் ஜெயிலுக்கே கூட்டிப்போனார்கள்.

"நீ மெத்தையில தூங்குவ. அவ?" என்றார் மேடம். நாளை என்னை விரட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அம்மா, பொய் சொன்னால் வீடு, உண்மை சொன்னால் ஜெயிலா? அங்கே ஒருத்தருக்குக்கூடக் கோபம் வரவில்லையே!

என் நீல ஸ்வெட்டரை உடனே அனுப்பு. அந்த அக்காவுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயில் தரை ஜில்லென்று இருக்குமாம். எனக்கு உன் பழைய சேலை ஒன்று போதும்.

யாரோ வருகிறார்கள்.

உன் வாயாடி