மருந்து மாறிக் குடித்தது

4.8.72 வெள்ளி
ஆடிக் காற்று. ஜன்னலைச் சாத்தினாலும் வார்டு முழுக்கப் புழுதி. வயிறு கழுவும் ரப்பர் குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டால் இல்லை.

இந்த வாரம் விஷ கேஸ் நாலு, நாலும் பெண்கள். அரளி விதை 2, மூட்டைப்பூச்சி மருந்து 1, பருத்திக்கு அடிக்கிற மருந்து 1. ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் நாலுக்கும் நானே எழுதியது: வயிற்று வலி, மருந்து மாறிக் குடித்தது. அரளி விதையை எப்படி மாறிக் குடிப்பது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பருத்தி மருந்து கேஸ் ஏரியூர்ப் பக்கம். முனியம்மா, 24. புருஷன் லாரியில் போட்டுக் கொண்டுவந்தான். "வயித்து வலிங்க. அவசரத்துல பாட்டில மாத்திக் குடிச்சிட்டா." ஊசி மேல் ஊசி. பிழைப்பாள் என்கிறார் டாக்டர்.

7.8 திங்கள்
மு. பேசுகிறாள். முதுகு துடைக்கத் திருப்பினால் பெல்ட் தடம், பழசும் புதுசுமாக. "எனக்கு வயித்து வலியே வந்ததில்லீங்க சிஸ்டர். அவரு அடிக்கறது தாங்காமத்தான் குடிச்சேன். அத எழுதிக்கிறீங்களா?"

டா.விடம் சொன்னேன். "அப்படி எழுதினா தற்கொலை முயற்சி. கேஸ் அவ மேலதான் வரும். இருக்கறது இருக்கட்டும் சிஸ்டர்."

இருக்கட்டும் என்று விட்டேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. தலைவலி.

12.8 சனி
மு. டிஸ்சார்ஜ். கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து ஒரு பாட்டில் வயிற்று வலி மருந்து கொடுத்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மூணு வேளை, சாப்பிட்ட பிறகு என்றேன். வெட்கக்கேடு.

13.8 ஞாயிறு
பூசை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது என்றுதானே எழுதினேன். இரண்டு புடவை தோய்த்தேன்.

25.8 வெள்ளி
காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு முனியம்மா. வரும்போதே உயிர் இல்லை.

புருஷன் கையில் நாங்கள் கொடுத்த பாட்டில். கழுத்துவரை அப்படியே இருக்கிறது, தக்கையைக்கூட எடுக்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டிடம் சொல்கிறான்: "மறுபடியும் மாத்திக் குடிச்சிட்டாளுங்க. வயித்து வலி ரொம்ப நாளா இருக்குதுங்க. சிஸ்டருக்கே தெரியும், கேளுங்க."

முதுகில் பெல்ட் தடம் இருந்தது என்று ஆரம்பித்தேன். ஏட்டு ரிஜிஸ்டரில் பழைய பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க எழுத்துதானுங்களே?"

ஆமாம் என்றேன்.