வாடகை வாசல்

பிரேசர் டவுன், பெங்களூர்
அக்டோபர் 1999

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே ஆண்டவர் கிருபையில் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அவரைப் போலவே யார் சொன்னாலும் மடங்க மாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய மூன்று தீவுகளின் டூரிஸ்ட் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. வழவழவென்று என்ன தாள், என்ன வாசனை! அன்றிலிருந்து நான் இந்த ஊரிலேயே இல்லை, போ. நேற்று அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட உட்கார்ந்தேன். பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்து மெல்ல மெல்ல விரிந்ததைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மாலத்தீவுப் படத்தில் கரையோரம் இருக்கிறதே, அதே நிறம். துணியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்து, என்ன வேதா, பக்கெட்ல மீன் ஓடுதா என்கிறார். ஓடுது, உங்க கண்ணுக்குத்தான் தெரியல என்றேன். மத்தியானம் கண் அசந்தால் அதைவிட மோசம். கோல்ஸ் ரோடு முழுக்கத் தண்ணீர், ஆட்டோக்காரர்கள் எல்லாம் படகு ஓட்டுகிறார்கள், கடலிலும் மீட்டரைப் போல ஒன்றரை மடங்கு கேட்கிறார்கள். நீ அக்கரையில் அந்த மஞ்சள் சுடிதாரில் நிற்கிறாய். நான் கூப்பிடுவது உனக்குக் கேட்கிறது, கை ஆட்டுகிறாய், ஆனால் ஒரு படகுக்காரனும் வர மாட்டேன் என்கிறான். விழித்துப் பார்த்தால் தலையணை ஈரம். வியர்வை என்று சொல்லலாம், ஆனால் உன்னிடம் எதற்குப் பொய், அழுதுதான் இருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் காந்தா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஏன் ஆன்ட்டி, கோவா போதாதா, சும்னே எதுக்கு அவ்ளோ தூரம் என்று தன் கன்னடத் தமிழில் கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? எங்களுக்குச் சொல்லாமல் நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்து, மாலையோடு வந்து நின்றதும், நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் வாசல்ல நீ கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அப்பா கதவைச் சாத்தியதும் ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. அதனால்தான் உன் வீடும் இல்லாமல் எங்கள் வீடும் இல்லாமல் நடுக்கடலில் ஒரு இடம் தேடுகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இராஜமாணிக்கம் சொன்னா சொன்னதுதான் என்று சபையில் அவருக்கு நல்ல பேர் வேறு. மாஸ்க் ரோடு பேக்கரியில் யாரோ மரியாதை இல்லாமல் பேசினார்களாம், இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்றாரே, நினைவிருக்கிறதா? இன்றைக்கும் ஏறுவதில்லை. வெளியே ரோட்டில் நின்றுகொண்டு என்னை உள்ளே அனுப்பி பிளம் கேக் வாங்கிச் சாப்பிடுகிறார்.

உன் புத்தகங்களைத் தொட மாட்டேன் என்று இரண்டு நாள் பிகு பண்ணினார். மூன்றாம் நாள் குறை சொல்ல ஆரம்பித்தார், அப்போதே எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாலத்தீவில் தண்ணீருக்கு மேலே கண்ணாடித் தரை போட்ட வீடாம். காலுக்குக் கீழே மீன் போயிட்டு இருந்தா மனுஷன் எப்படி முழங்கால் போட்டு ஜெபம் பண்றது என்கிறார். மொரீஷியஸைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணியா இருக்கே என்கிறார். தீவு என்றால் வேறு எப்படி இருக்குமாம்!

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஸ்கேலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தென்னை மரம், சூரியன் மறைவது எதையும் பார்க்கவில்லை. டெலிபோன் ஃபாக்டரியில் காலமெல்லாம் பிளான் வரைந்தவர் அல்லவா, நேரே கடைசிப் பக்கத்து வீட்டு பிளானுக்குப் போய்விட்டார். அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாம், தள்ளித் தள்ளி ரெண்டு வீடு எடுக்கலாம் என்று நீ எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன். ரெண்டு வீடு, ரெண்டு வாசல், நடுவுல மணலு, இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன், இப்போ இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போலாமே என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அப்போதுதான் கூப்பிட்டார். வேதா, இந்த மூணாவது தீவு, லங்காவியில ஒரே வாசல்தான் இருக்கு, நடுவுல ஹால், ரெண்டு பக்கமும் ரூம் என்றார். அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன். மெதுவாக, நீங்க சொன்ன சொல்லு என்று இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் வாசலைத்தான் சொன்னேன், இது வாடகை வாசல் என்றார்.

சிரிப்பதா, இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஆறு வருஷமா என்று சண்டை பிடிப்பதா, எனக்குத் தெரியவில்லை. காபியைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, நாம ஒரு நாள் முன்னாடியே போயிடணும் என்றார். முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் போல என்று நினைத்து, சரி என்றேன். அதுக்கில்ல, அவங்க வர்றப்போ நான் உள்ளே இருக்கணும், கதவை நான்தான் திறக்கணும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். காலையில்தான் அப்படி ஒரு மழை பெய்திருந்தது.

ஆகவே லங்காவிதான். எங்கள் டிக்கெட்டை ஒரு நாள் முன்னால் போடு, காரணம் கேட்டு அப்பாவுக்குத் தனியாக எழுதாதே. மாப்பிள்ளைக்கு மீன் ஒத்துக்குமா என்று போகிற போக்கில் கேட்டார். மங்களூர்க்காரர் மீன் இல்லாமல் இருப்பாரா என்றேன். ஓஸ்வால்டை அவர் வாயால் மாப்பிள்ளை என்று சொல்லி இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை முதல் நாளே தான் கத்தோலிக்கம், நாம் சி.எஸ்.ஐ. என்று பேச்சை எடுக்காமல் பார்த்துக்கொள். நீயும் மெலிந்து போய் வந்து நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு.

கடல் கடந்து வரும் உங்கள் இருவரையும் ஆண்டவர் தம் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவருவாராக. ஒன்று மட்டும் மறக்காதே, சுகு. அந்த ரிசார்ட்டுக்காரர்கள் உன் கையில் ஒரு சாவி கொடுப்பார்கள். கொடுத்தாலும் நீயாகத் திறந்துகொண்டு வராதே. தட்டு. முழங்கால் வலியோடு எழுந்து வர அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அது வரைக்கும் அங்கேயே நில்லு.

உன் அம்மா,
வேதநாயகி