ஒரு மாதத்தில் எந்த நெல் விளையும்?

அண்ணே,

இன்று காலை விதைநெல் ஊறிய சாக்கைப் பிரித்தேன். அந்தப் புளித்த வாடை எழுந்ததுமே நீங்கள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் செய்தி. ஏதோ ஒரு நாட்டில் அமைதிப் பேச்சாம், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்களை இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வாசித்த பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் அணைத்துவிட்டேன்.

அக்கரைச் சண்டைக்குத் தப்பி, நாகப்பட்டினத்தில் படகு இறங்கியவர் நீங்கள். எங்கள் தெருவில் குடியிருந்து, வருடக்கணக்காக என்னோடு குத்தகை நிலத்தில் சேறு மிதித்தீர்கள். நான் நட்ட நாற்றைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு தம்பி" என்று கேலி செய்யாத நாளில்லை. அங்கே பேச்சுவார்த்தை தொடங்கி, கண்காணிப்பாளர்கள் வந்து இறங்கிய பிறகுதான் அண்ணியோடு சொந்த வயலுக்குத் திரும்பினீர்கள்.

அதன்பின் தொலைபேசிதான். அந்தக் கண்காணிப்பாளர்களின் தவணையை நீட்டும்போதெல்லாம் கூப்பிடுவீர்கள். "ஆறு மாசம் நீட்டிட்டினம். பெரும்போகம் விதைக்கலாம்" என்றீர்கள் முதல் தடவை. நம் சம்பாவைத்தான் அப்படிச் சொல்வீர்கள். அடுத்த தடவை, "நாலு மாசம்தான். வயசு குறைஞ்ச நெல் போதும்." சமாதானத்துக்கு நெல்லை வைத்துக் கணக்குப் போடுகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று சிரித்தேன்.

பிறகு ஒரே ஒரு மாதம் நீட்டினார்கள். பத்திரிகையில் அது நல்ல செய்தியாகத்தான் வந்தது. ஆனால் ஒரு மாதத்தில் எந்த நெல் விளையும்? நானே கூப்பிட்டேன்.

"போதும்ண்ணே. அண்ணிய அழைச்சுக்கிட்டு கிளம்பி வந்துடுங்க."

"வெள்ளைக்காரர் வாகனத்தில சாமான் ஏத்தீனம் தம்பி" என்றீர்கள் மெதுவாக. "அவளை அனுப்பிட்டன். நான் எப்பிடி வாறது? கதிர் இப்பதான் பால் பிடிக்குது."

ஆத்திரமாக வந்தது. ஆனால் பால் பிடித்த பயிரை விட்டுவிட்டு நானும் வந்திருக்க மாட்டேன்.

தவணை முடிந்தது. கண்காணிப்பாளர்கள் போனார்கள். குண்டு விழத் தொடங்கியது. அண்ணி மட்டும் வந்து சேர்ந்தார். நீங்கள் வரப்பிலேயே கிடந்ததாக, பிறகு வந்த ஒருவர் சொன்னார். அறுப்புக்கு ஒரு வாரம்தான் இருந்ததாம்.

போன வாரம் துபாயிலிருந்து மகன் பேசினான். "வேலைய நீட்டிச்சுட்டாங்கப்பா!" அவ்வளவு சந்தோஷம் அவன் குரலில்.

"எத்தனை மாசத்துக்கு?"

"ஒரு மாசம். அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

"கிளம்பி வந்துடுப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். "கட்டடம் பாதியில நிக்குது. விட்டுட்டு எப்படிப்பா வர்றது?"

உங்கள் குரல்தான் கேட்டது, அண்ணே.