ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்பாள்

வட்டகொடை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வினோதாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே விடாத மழை. ஸ்டேஷன் பக்கத்தில் பைஸர் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து பேசினால் அம்மா காதில் விழும். எழுதி முடித்ததும் பைஸரின் மகள் ஷப்னா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். வாசிக்க மாட்டேன் என்றிருக்கிறாள், நல்ல பிள்ளை.

ஆஸ்பத்திரியில் எடுத்த தம்பியின் தசைப் பரிசோதனை முடிவைப் பற்றி நீ சொன்னதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். உடம்பின் உயிரணுக்களுக்குள் இழைமணி என்று ஒன்று இருக்கிறது, சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அதுதான், நிரோஷனுக்கு அது பிறவியிலேயே பழுது என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் நம் தேயிலை பெக்டரியைச் சொன்னேன். கொழுந்து எவ்வளவு வந்து குவிந்தாலும் அடுப்பு சரியாக எரியாவிட்டால் தேயிலை ஆகாது. அவனுக்குள் இருந்தது அப்படியோர் அடுப்பு. மலை ஏற முடியாமல் அவன் பாதி வழியில் உட்கார்ந்தபோது லயத்து வீடுகளில் எல்லாரும் சிரித்தார்களே, அது சோம்பல் இல்லை என்றேன்.

அதைக் கேட்டு முதலில் ஆறுதலாகத்தான் அழுதாள். அப்புறம் கேட்டாள்: "ஏங்க, அடுப்பே சரியில்லாதப்ப வெறகும் போடாம விட்டா என்னாகும்?"

மழையைப் பார்க்கிற மாதிரி எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

தம்பி காய்ச்சலில் போனான் என்றுதான் உனக்குச் சொன்னோம். நடந்தது வேறு. அவன் உடம்பு தேறட்டும் என்று அம்மா மாரியம்மனுக்குக் காவடி நேர்ந்திருந்தாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து அவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு. காவடிக்கு முந்தின நாள் வெறும் தண்ணீர். அவனுக்கும் ஆசைதான். சோம்பேறி என்றவர்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும் என்றான். கோயிலில் வாந்தி எடுத்தான், மூச்சு இரைத்தது, தலை தொங்கியது. அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். அம்மாதான் முதலில் போட்டாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை.

இந்த நோயைப் பற்றி நீ எழுதிய ஆய்வுக் கட்டுரையை அகராதி வைத்துப் படித்தேன். இந்த நோய் உள்ளவர்களைப் பட்டினி போடக்கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. "வினோதா படிச்சவ, ஞாயித்துக்கெழம போன்ல அவகிட்டயே கேட்டுக்கிறேன்" என்கிறாள் அம்மா. இப்போது ரொட்டி தட்டி எனக்குக் கொடுத்துவிட்டு அவள் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள்.

நீ பொய் சொல்ல வேண்டாம், மகளே. விரதம் இருந்திராவிட்டாலும் அந்த நோய் அவனுக்குள் இருந்தது என்று சொல். அது உண்மைதானே. அந்த இடத்தில் நிறுத்திவிடு. மேலே கேட்டால், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடு.

இந்தப் பழுது தாய்வழி வருவது என்றும் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அதையும் அவளுக்குச் சொல்லாதே. நீயும் அந்த வயிற்றில் பிறந்தவள். வேலை வேலையென்று ஒரு நேரமும் பட்டினி கிடக்காதே. எங்களுக்கு நீ இருக்க வேண்டும்.

உன் நலமே வேண்டும்
அப்பா