மார்ச் நான்கில் பிறந்தவர்கள்

2019 பிப்ரவரி 26, புக்கரெஸ்ட்

வானொலிக்கு ‘இந்த நாளில்’ எழுதும் எனக்கு ஒரே ஒரு தேதிதான் பாரம். இன்று அதை எழுதி முடித்தேன். முதல் வரி எப்போதும்போல: 1977 மார்ச் 4, நிலநடுக்கம். இந்த ஊரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவு. பிறகு பிறந்தவர்கள். வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர் விவால்டி. அவர் பிறந்த அன்றும் அங்கே பூமி அதிர்ந்ததாம். பயந்துபோய் வீட்டிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளை வீட்டில் யாராவது கொண்டாடினார்களா?

என் பெயரை நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதே இல்லை.

மார்ச் 1

வசந்தம் பிறக்கிற நாள் என்று அறிவிப்பாளன் தோரின் வழக்கம்போல எல்லாப் பெண்களுக்கும் சிவப்பு-வெள்ளை நூல் கொடுத்தான். என் முறை வந்ததும், “அக்கா, உங்க பிறந்தநாள் கேக்கை மட்டும் நான் இன்னும் கண்ணால பார்க்கல. எப்பதான் வருது?”

“டிசம்பர் நாலு.”

“அது வர்வாரா புனிதையோட திருநாள், உங்க பேர்நாள். என்னை என்ன சின்னப்பிள்ளைன்னு நினைச்சீங்களா?”

சிரித்து நகர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எனக்குப் பேர்நாள் மட்டும்தான். டிசம்பர் நான்கு காலையில் அப்பா தவறாமல் கூப்பிடுவார். மார்ச்சில் கூப்பிட மாட்டார்.

மார்ச் 4

தோரின் எங்கேயோ என் தேதியைத் தோண்டி எடுத்துவிட்டான். நான் எழுதியதை ஒலிபரப்பில் வாசித்து முடித்து, தானாகவே சேர்த்துக்கொண்டான்: “இன்னொருத்தரும் இன்னிக்குத்தான் பிறந்தாங்க, இதை எழுதுற நம்ம வர்வாரா! நூறாண்டு வாழ்க!” கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பா கேட்டிருப்பார். அந்த முதல் வரிக்காகவே வருடாவருடம் கேட்பவர். என் அண்ணன் லிவியு அந்த வரிக்குள் இருக்கிறான். ஐந்து வயது.

அம்மா சாவதற்கு முன் ஒரே ஒரு முறை சொன்னாள். அந்தக் காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்குள் ஆண்களை விட மாட்டார்கள். தகப்பன்கள் கீழே முற்றத்தில் நின்று கத்துவார்கள், தாய்கள் ஜன்னலில் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்பா வேலை முடிந்து, லிவியுவை எங்கள் கட்டடத்திலேயே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அம்மா காட்டினாள். “இன்னொரு தடவை!” என்றார். காட்டினாள். “இன்னும் ஒரே ஒரு தடவை!” மூன்றாம் முறை தூக்கும்போது தரை ஆடியது. ஆஸ்பத்திரி நின்றது. எங்கள் கட்டடம் விழுந்தது.

சாயங்காலம் அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம். வெளியே மெழுகுவத்தி ஏற்ற இரண்டு தட்டுகள் — மேலே உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே போனவர்களுக்கு. அப்பா என்றும்போல் கீழே அம்மாவுக்கு ஒன்று, லிவியுவுக்கு ஒன்று ஏற்றினார். மேல்தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

“அப்பா, அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டான்.”

“பொய் சொல்லலையே,” என்றார்.

பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டார்.

மார்ச் 5

பொய் சொல்லலையே — இதற்கு என்ன அர்த்தம்? என்மேல் கோபமா? நாற்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 4

போன் வரவில்லை. பயந்துபோய் நேரே வீட்டுக்கு ஓடினேன். சமையலறையில் பீன்ஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்தார், ஆள் பாதியாக இளைத்து.

“ஏம்ப்பா கூப்பிடல? என் உசிரே போயிடுச்சு!”

“இது உன் நாள் இல்ல.”

“பின்ன எது என் நாளு? சொல்லேன், எது? ஒரு வருஷமாவது சொல்லியிருக்கியா?” கத்திவிட்டேன். அடுப்பை அணைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“அன்னிக்கு உன் மூஞ்சியே தெரியல வர்வாரா. மேல ஒரு துணிமூட்டைதான் தெரிஞ்சுது. அதான் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னேன். அப்புறம்… உன்னைப் பார்த்தாலே அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும். பார்க்காமலே இருந்துட்டேன்.”

சூப்பில் உப்பு அதிகம். இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். கிளம்பும்போது, “மார்ச்சுல கூப்பிடுறேன்,” என்றார்.

2020 பிப்ரவரி 21

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல். டாக்டர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

பிப்ரவரி 27

ஃப்ளூ பரவுகிறதாம், உள்ளே யாரையும் விடுவதில்லை. அப்பாவுக்குக் கொண்டுபோன பையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 4

போன் வரவில்லை. அவரால் பேச முடியாது என்று தெரியும். இருந்தும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மதியம் ஆஸ்பத்திரி முற்றத்தில் போய் நின்றேன். நர்ஸிடம் கெஞ்சியிருந்தேன். இரண்டாம் மாடி ஜன்னலுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போர்வை மூட்டை. முகம் தெரியவில்லை.

“அப்பா! இன்னும் கொஞ்சம் கிட்ட!” என்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நர்ஸ் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அவள்தான் குனிந்து கேட்டு, எனக்குக் கத்திச் சொன்னாள்:

“மேல ஒண்ணு ஏத்துனியான்னு கேக்குறாரு! என்னன்னு எனக்குத் தெரியல! ஏத்தச் சொல்றாரு, உனக்காம்!”

தலையாட்டினேன். அவர் கையைத் தூக்கினார். இன்னொரு தடவை என்றேன். தூக்கினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்ச் 12

நேற்று அப்பாவை அடக்கம் செய்தோம். போனவர்கள் பேரில் கொடுப்பதுபோல், கோதுமையை அவித்துச் சர்க்கரை போட்டுப் பங்கிட்டேன். தோரின் கிண்ணங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

கோயிலில் கீழே மூன்று. மேலே ஒன்று.